பொத்தான் ஆலையின் சாவி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. கல்லறைத் தோட்டத்து நினைவு அறையைத் திறந்த தோட்டக்காரர், வழக்கம்போலக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் துணியை எடுத்தார். பெட்டிக்குள் சாவியைக் காணோம்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பொத்தான் ஆலை தீப்பிடித்து எரிந்தபோது, செத்துக்கிடந்த வாட்ச்மேனின் சட்டைப் பையிலிருந்து எடுத்த சாவி அது. பின் கதவு பூட்டிக் கிடந்ததால்தான் முப்பத்தொரு பெண்கள் உள்ளேயே மாட்டிச் செத்தார்கள். அவர்களைக் கொன்ற சாவி என்றே ஊர் அதைச் சொல்லும்.

ஏழரைக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு, அதுவும் போச்சு. சட்டைக் கையில் பொத்தான் அறுந்திருக்க, அவசரத்துக்கு ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு ஓடிவந்திருந்தாள். அந்த ஊக்கு வேறு நேரம் பார்த்து மணிக்கட்டைக் குத்தியது.

"பணம் நகைன்னா சரி. துருப்பிடிச்ச சாவியை எவன்யா திருடுவான்?" என்று ஏட்டிடம் எரிந்து விழுந்தாள்.

"இந்த ஊர்ல அதைத் திருட ஒரே ஒரு ஆளுக்குத்தான் மேடம் காரணம் இருக்கு," என்றார் ஏட்டு, கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்துவிட்ட மாணவனின் முகத்தோடு. "வாட்ச்மேனோட மக. தையல்காரம்மா. கொக்கி வைப்பாங்க, ஜிப் வைப்பாங்க, நாடா தைப்பாங்க. பொத்தான் மட்டும் வைக்க மாட்டாங்க. எவ்வளவு குடுத்தாலும் கையால தொட மாட்டாங்க."

வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்புக் கேட். அதில் ஒரு பெரிய சாவித் துவாரம். உள்ளே குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. கேட்டைச் சுற்றிக் கிடந்த கனமான சங்கிலியைக் கழற்றிவிட்டு, தோட்டக்காரர் வழிவிட்டார். அந்தச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டே திரிவதால் அவருக்கு ஊரில் சங்கிலி என்றே பெயர்.

"இவ்வளவு பெரிய பூட்டு இருக்கு, எதுக்கு சங்கிலி?"

"சாவி இல்லையே மேடம். ஆலை எரிஞ்சப்புறம் முதலாளி இந்த கேட்டைத் தோட்டத்துக்கு தானமா குடுத்தாரு. குடுத்தவரு சாவியைக் குடுக்கல. நானும் வருஷா வருஷம் கீலுக்கும் பூட்டுக்கும் எண்ணெய் விட்டுட்டுத்தான் வரேன். சாவி இல்லாட்டியும் இரும்பு இரும்புதானே."

உள்ளே நடந்தார்கள். இந்த ஊருக்குச் சாவு தனித்தனியாக வந்ததை விடக் கூட்டமாக வந்ததுதான் அதிகம். இடது பக்கம் படகு கவிழ்ந்து செத்தவர்கள். அதற்கு அப்பால் காய்ச்சல் வரிசை. அதில் பாதி சின்னச் சின்னக் கற்கள். பாலம் இடிந்து ரயிலோடு போனவர்களுக்கு ஒரு மூலை. நடுவில், நல்ல இடத்தில், பொத்தான் ஆலைப் பெண்கள். அவர்களுக்குப் பக்கத்தில் புது நினைவுக் கல், துணி போர்த்தி நின்றது. அதன் அடியில் உளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்தச்சர் உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தொரு பேரும் கொத்தியாச்சுங்க. அடியில ஒரு வரி காலியா விட்டிருக்கேன்," என்றார். "வாட்ச்மேன் பேரையும் சேர்க்கணும்னு அந்தத் தையல்காரம்மா எத்தனையோ வருஷமா மனு மேல மனு. இன்னைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி சரின்னா கொத்தணும். வேணாம்னா மூட்டையைக் கட்டிட்டுப் போகணும்."

வாட்ச்மேனின் கல் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். சங்கிலி கையை நீட்டினார். எல்லாரையும் விட்டுத் தள்ளி, மதில் ஓரத்தில், பேரில்லாத ஒரு மொட்டைக் கல். அதற்குப் பின்னால் மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடிசல். கல்லின் முன்னால் ஒல்லியாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர்; கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

நினைவு அறை சின்னது. கண்ணாடிப் பெட்டி இருபது வருஷமாக ஜன்னலுக்கு நேர் எதிரில் இருந்தது. வெயில் படாத நாளே இருக்காது. பூட்டு கிடையாது, வெறும் கொக்கி. உள்ளே விரித்திருந்த சிவப்பு வெல்வெட் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. நடுவில் மட்டும் இன்னும் அடர்சிவப்பாக ஒரு நீளத் திட்டு. சுவரில் ஒரு பழைய மரக் கதவு சாய்ந்து நின்றது. கீழ்ப்பாதி கரி. மேலே இரும்புப் பூட்டு அப்படியே இருந்தது. பூட்டுக்குக் கீழே தரையில் துருப்பொடியும் நாலைந்து சொட்டு எண்ணெயும்.

ஏட்டு குனிந்து மோந்து பார்த்துத் துள்ளினார். "மேடம்! தையல் மெஷின் எண்ணெய்!"

"அலமாரியைப் பாருங்க." சங்கிலியின் எண்ணெய்க் குப்பி அங்கே நின்றது. "எண்ணெய் வெளியிலேர்ந்து வரல. உங்க சந்தோஷத்தைக் கொஞ்சம் அடக்கி வைங்க."

கதவின் விளிம்பில், பூட்டு இருக்கும் இடத்தில், மேலிருந்து கீழாகக் கையை ஓட்டினாள். கரி ஒட்டியது. வேறெதுவும் கையில் தட்டவில்லை.

"இந்தக் கதவு எப்ப வந்துச்சு?"

"நேத்து மத்தியானம்," என்றார் சங்கிலி. "மரக்கடைக் கிடங்குல இத்தனை வருஷம் கிடந்திருக்கு. ஆலையோட பின் கதவு இதுதான். இறக்கும்போது என்னைப் பழிவாங்கிடுச்சு மேடம், பாருங்க." சட்டைக் கையைக் காட்டினார், முழங்கைக்கு மேல் நீளமான கிழிசல், நேர்த்தியாகத் தைத்திருந்தது. "பூட்டு நாக்கு துருத்திக்கிட்டு இருந்துச்சு, அதுல மாட்டி டர்னு கிழிஞ்சிடுச்சு. தையல்காரம்மா இங்கயே உட்காரவெச்சுத் தைச்சுக் குடுத்தாங்க."

"அறையை எப்ப பூட்டினீங்க?"

"சாயங்காலம் ஆறு மணி. அப்ப சாவி பெட்டிக்குள்ள இருந்துச்சு. கண்ணாடியைத் துடைச்சுட்டுத்தான் போனேன்."

"அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்லையே. கொட்டகை ஆணியில தொங்கும். எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்குய்யா பூட்டு?"

"பூட்டுன்னு ஒண்ணு இருக்கணும்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ஊக்கு மறுபடி குத்தியது.

எட்டு மணிக்குத் தலைவர் வந்தார். ஆலை முதலாளியின் மகன். நினைவுக் கமிட்டிக்குத் தலைவர். புதுக் கல்லுக்குச் செலவு அவருடையது. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"இதுக்கு விசாரணையே வேண்டாம்மா," என்றார். "இன்னைக்கு விழாவுல அந்தச் சாவியை அந்தம்மா கையிலயே குடுத்து, இந்தக் கதவைத் திறக்க வைக்கிறதா ஏற்பாடு. ஊரே பார்க்க, அப்பா பண்ண தப்புக்கு மக கதவைத் திறந்துவிடுற மாதிரி. அதுக்கப்புறம் அவர் பேரையும் சேர்த்துடலாம்னு நான்தான் சொன்னேன். அவங்களுக்கு அது அவமானமா பட்டிருக்கு. எடுத்து ஒளிச்சுட்டாங்க. திருட்டுன்னு ஆனப்புறம் பேரைச் சேர்க்கிற பேச்சுக்கே இடமில்லை."

"இந்த ஏற்பாட்டுக்கு எல்லாரும் சம்மதமா?"

"வாத்தியார் ஒருத்தர்தான் வேண்டாம்னார். கல்லறையில நாடகம் போடக் கூடாதுன்னார். பாவம், அவங்க அம்மாவும் அந்தத் தீயில போனவங்க."

வாத்தியார் வாசல்படியிலேயே நின்றிருந்தார். ரிடையரான சரித்திர ஆசிரியர், தோளில் துணிப்பை. இருபது வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர்க்காரர்களையும் வெளியூர்க்காரர்களையும் கல்லறை கல்லறையாகக் கூட்டிப்போய், எந்த விபத்தில் யார் எப்படிச் செத்தார்கள் என்று சொல்லுவார். இன்ஸ்பெக்டர்கூடப் புதிதாக மாற்றலாகி வந்தபோது ஒரு தடவை போயிருக்கிறாள். அவர் அம்மாவின் கல்லின் முன்னால் நின்று அவர் பேசியது இன்னும் காதில் இருந்தது. "இவங்க மேஸ்திரி. சாயங்காலம் சங்கு ஊதினதும் பின் கதவுல நின்னு ஒவ்வொருத்தரையும் சோதிச்சுத்தான் வெளியே விடுவாங்க. இவங்க இருக்கிற வரைக்கும் ஒரு பொத்தான் ஆலையை விட்டுப் போனதில்லை." அப்படியே மதில் ஓரம் திரும்பிக் கையை நீட்டுவார். "அதோ, அவர்தான் வாட்ச்மேன். பையில சாவி இருந்தும் பயத்துல திறக்கத் தெரியாம, அந்தக் கதவடியிலயே செத்தவர்." கூட்டம் அந்த மொட்டைக் கல்லைப் பார்த்து உச்சுக்கொட்டும்.

"நேத்து கடைசியா இந்த அறைக்கு எப்ப வந்தீங்க சார்?"

"மத்தியானம், எல்லாரோடயும். கதவைப் பார்த்தேன். நிக்க முடியல. வீட்டுக்குப் போயிட்டேன்."

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது பை நழுவி மேஜையில் இடித்தது. அதை இடது கையால் விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோணல்மாணலாகக் கையெழுத்திட்டார். கீழே வைத்துவிட்டு எழுதுங்கள் என்று ஏட்டு சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் உட்காரவில்லை.

"காலையில எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஆறரை இருக்கும்."

"கேட் ஏழு மணிக்குத்தானே திறக்கும்?"

"மதில் இடிசல் வழியா வந்தேன். எப்பவும் அப்படித்தான் வருவேன். கேட் வழியா வந்தா அந்தப் பொம்பளைங்க கல்லை எல்லாம் தாண்டி வரணும். அவங்க சொந்தக்காரங்க யாராவது நிப்பாங்க. என்னைப் பார்ப்பாங்க. அந்தப் பார்வை எனக்கு வேண்டாம்."

"சாவியை எடுத்தீங்களா?"

"அதை ஏன் நான் எடுக்கணும்? இன்னைக்கு எல்லார் முன்னாடியும் அதைக் கையில வாங்கணும்னுதான் ராத்திரியெல்லாம் தூங்காம இருந்தேன். அவமானம்தான். யார் இல்லைன்னா? ஆனா அதைப் பட்டாத்தான் எங்கப்பா பேரு அந்தக் கல்லுல ஏறும்னா, படறேன்னு ஒத்துக்கிட்டேன்." கழுத்து நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அப்ப பதினோரு வயசு. பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சா முதல் வாளித் தண்ணியோட ஓடுற மனுஷன்மா அவரு. பயந்து நின்னாருன்னா நான் சாகிற வரைக்கும் நம்ப மாட்டேன்."

"நம்பாட்டி என்ன, சாட்சி அந்தச் சாவிதானே," என்றார் தலைவர், வாசலிலிருந்து.

"நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க," என்று இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினாள்.

அந்தம்மாவின் மேல் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் இரக்கத்தை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது. அழுதவர்கள் எல்லாம் யோக்கியர்களாக இருந்திருந்தால் அவளுக்கு இந்த வேலையே இருந்திருக்காது. தனியாக நின்று கண்ணாடிப் பெட்டியையே பார்த்தாள். வெளுத்த வெல்வெட். நடுவில் வெளுக்காத திட்டு. பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டு! விழா அழைப்பிதழ் ஒண்ணு குடுங்க. கத்திரிக்கோல் இருந்தா... அந்தம்மாகிட்டயே இருக்கும், வாங்குங்க."

ஒன்பதரை மணி. அறைக்குள் ஆறு பேரையும் நிறுத்தினாள். கையில் அழைப்பிதழ் அட்டையில் வெட்டிய ஒரு சாவி.

"திருடினவர் சாவியை எடுத்துட்டுப் போயிட்டாரு. அதோட நிழலை விட்டுட்டாரு," என்றாள். "இருபது வருஷ வெயில்ல துணி வெளுத்துப்போச்சு. சாவி மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்கல. நீளம், வளையம், பல், எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. அதை அப்படியே வெட்டியிருக்கேன். இப்பப் பாருங்க."

அட்டைச் சாவியைக் கதவின் பூட்டுத் துவாரத்தில் வைத்தாள். நுழையவில்லை. நுழைகிற பேச்சே இல்லை. சாவியின் பல், துவாரத்தைப்போல இரண்டு மடங்கு அகலம்.

தையல்காரம்மாவின் வாய் லேசாகத் திறந்தது.

"வாட்ச்மேன் பையில இருந்தது இந்தக் கதவோட சாவியே இல்லை. ஐம்பது வருஷமா யாரும் போட்டுப் பார்க்கல, கதவே இல்லாததால. ஆனா நேத்து ராத்திரி இந்தப் பூட்டு திறந்திருக்கு. சங்கிலி, உங்க சட்டையைக் கிழிச்ச நாக்கு எங்க?"

சங்கிலி விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அட! உள்ளே போயிருக்கு!"

"உள்ளே போனா பூட்டு திறந்தாச்சுன்னு அர்த்தம். யாரோ எண்ணெய் விட்டு, சரியான சாவியைப் போட்டுத் திருப்பியிருக்காங்க. பெட்டியில இருந்தது இதுக்குப் பொருந்தாது. அப்ப சரியான சாவி ஒண்ணு இந்த ஊர்ல யார்கிட்டயோ இத்தனை வருஷமா இருந்திருக்கு. அந்த ஆளுக்குத்தான் இன்னைக்கு விழா நடக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் வாட்ச்மேன் சாவி நுழையலைன்னா அடுத்த கேள்வி என்ன? அப்ப யார் கையில இருந்துச்சுங்கிறதுதான்."

அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தினமும் அந்தக் கதவுல நின்னு திறந்து விட்டது யாருன்னு நீங்களே வாராவாரம் சொல்லியிருக்கீங்க சார். நானே கேட்டிருக்கேன். உங்க அம்மாவோட சாவியைக் குடுங்க."

வாத்தியார் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை நீளம், கனமானது. மற்றது விரல் நீளம், கருகியது.

"எனக்கு ஒன்பது வயசு," என்றார். "ஆஸ்பத்திரியில அம்மாவோடதுன்னு ஒரு வளையலும் இந்தச் சாவியும் குடுத்தாங்க. அது உங்கம்மா பெட்டிச் சாவின்னு சித்தி சொன்னாங்க. எங்க வீட்டுல பெட்டியே கிடையாது. அது எனக்கு அப்பவே தெரியும். ஆனா பெட்டிச் சாவின்னுதான் வெச்சுக்கிட்டேன். நேத்து கதவு வந்துச்சு. இதுல நுழையக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் போட்டேன். திரும்பிடுச்சு மேடம். ஒரே திருப்பு."

"திருப்பிப் பூட்டியிருந்தா உங்களைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். ஏன் பூட்டல?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கதவை எப்படிம்மா நான் மறுபடி பூட்டுவேன்?"

ஏட்டு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இந்தப் பெரிய சாவி எதோடதுதான்?" என்று கல்தச்சர் கேட்டார்.

"வாட்ச்மேன் எங்க நிப்பாரு?" என்றாள் இன்ஸ்பெக்டர். "வாங்க."

பத்து மணிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. செத்த பெண்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகள். எல்லாரையும் உள்ளே விட்டு, இன்ஸ்பெக்டர் கேட்டைச் சாத்தச் சொன்னாள். சங்கிலி ஒரு குச்சியால் குளவிக்கூட்டைக் குத்தி எடுத்து, துவாரத்துக்குள் எண்ணெய் விட்டார். கனமான சாவி தையல்காரம்மாவின் கைக்கு வந்தது. முதல் தடவை இரும்பில் இடித்தது. இரண்டாவது தடவை நுழைந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். உள்ளே எதுவோ முனகி, கடக்கென்று நாக்கு வெளியே வந்து கேட் பூட்டிக்கொண்டது.

"ஆலை வாசல் சாவி," என்றாள் இன்ஸ்பெக்டர், எல்லாருக்கும் கேட்கும்படி. "தீப்பிடிச்சப்போ இவங்க அப்பா இந்த கேட்ல, வெளியில, பத்திரமா நின்னுட்டிருந்தாரு. வாசலைத் திறந்து போட்டுட்டு, சாவியைப் பையில போட்டுக்கிட்டு, பின் கதவு வரைக்கும் உள்ளே ஓடியிருக்காரு. உடைக்கப் பார்த்திருப்பாரு. பயந்தவர் அங்க செத்திருக்க மாட்டார்."

பிறகு தலைவரைப் பார்த்தாள். "தன் கேட் சாவியை உங்க அப்பாவுக்கு அடையாளம் தெரியாதா சார்? பின் கதவைப் பூட்டி வைன்னு மேஸ்திரிக்கு உத்தரவு போட்டது யாரு? கேட்டைப் பிடுங்கி அவசரமா இங்க தானம் குடுத்தது எதுக்கு?"

தலைவர் சட்டையின் காலரைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "அப்பா போயிட்டாரு. எனக்கு எதுவும் தெரியாது," என்றார். பிறகு, "புகார் ஏதும் வேண்டாம். அவர் பேரைக் கொத்திடட்டும்," என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

வாத்தியார் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். தையல்காரம்மா அவரிடம் போனார். என்ன நடக்குமோ என்று இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வைத்தாள்.

"எங்க அம்மா பேரை வெட்டி எடுத்துடுவாங்களா?" என்றார் வாத்தியார்.

"எதுக்கு வெட்டணும்? பூட்டச் சொன்னவன் வெளியில இருந்தான். உங்கம்மா உள்ளதானே இருந்தாங்க. புகையில அந்தக் கதவு வரைக்கும் வர முடியாம எப்படித் தவிச்சாங்களோ." அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை. "ஆனா நேத்து ராத்திரி உனக்கு உண்மை தெரிஞ்சுபோச்சு. இன்னைக்குக் காலையில என்னைத் திருடின்னாங்க. நீ வாசப்படியில நின்னு கேட்டுட்டுத்தானே இருந்த? அதை நான் மறக்க மாட்டேன். வர்ற சனிக்கிழமை நீதான் நடை கூட்டிட்டு வரணும். எங்கப்பா கல்லு முன்னாடி நின்னு, இன்னைக்கு நடந்ததை நீ உன் வாயால சொல்லணும். வாராவாரம் சொல்லணும். நான் கூட்டத்துல நிப்பேன்."

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

துணியை விலக்கிய நினைவுக் கல்லின் கடைசி வரியில் கல்தச்சர் வேலையைத் தொடங்கியிருந்தார். பேரைத் தையல்காரம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, உளிச் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் புறப்பட்டாள். கேட் பூட்டியிருந்தது, அந்தம்மாதான் வந்து திறந்துவிட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர், இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டைப் பிடித்துச் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, போலீஸ் சட்டையில ஊக்கு? சாயங்காலம் கடைக்கு வாங்க. பொத்தான் வெச்சுத் தரேன்."

ஏட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் அவர் காலை மிதித்துவிட்டு, "வரேம்மா," என்றாள்.